ஹைட்டியில் தொடங்கிப் படியுங்கள்

வணக்கம் ஐயா,

முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்களுக்குப் 'புரட்சிகளின் யுகம்' என்று ஒரு தாள் இருக்கிறது. 1776 அமெரிக்கா, 1789 பிரான்ஸ், பிறகு தென்னமெரிக்கா, கடைசியில் 1848 என்று போகிறது. இதில், கரீபியனில் அடிமைகள் எழுந்து விடுதலை பெற்ற ஹைட்டிக்கு மொத்தமே ஒரு பத்திதான். 'பிரெஞ்சுப் புரட்சியின் எதிரொலியாக' என்று தொடங்கி, தூசான் லூவெர்த்யூர் என்ற பெயரைச் சொல்லி முடிந்துவிடுகிறது. ஆய்வேட்டுக்கு இதையே எடுக்கலாமா என்று ஓர் ஆசை. ஆனால் யாரிடம் கேட்டாலும் தயங்குகிறார்கள். எனக்கும் மூன்று சந்தேகங்கள் உண்டு. ஒன்று, எல்லாமே பாரிஸில் தொடங்கியது என்றால் கரீபியனைத் தனியாகப் படித்து என்ன கிடைக்கும்? இரண்டு, படுகொலையிலும் வறுமையிலும் போய் முடிந்த ஒன்றைப் பெரும் புரட்சி என்று சொல்லலாமா? மூன்று, அடிமைகளில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. எழுதி வைத்தவர்கள் முதலாளிகள். அப்படியிருக்க அந்த மக்கள் என்ன நினைத்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ம.
திருநெல்வேலி

அன்புள்ள ம.,

தாராளமாக எடுங்கள். தயங்கவே வேண்டாம். மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவதுதான் உங்களை உண்மையான ஆய்வுக்குள் கொண்டுபோய் விடும், அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த 'எதிரொலி' விஷயம். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் பாரிஸில் நடந்தது, வலப்பக்கம் சான் டொமிங்கில் நடந்தது என்று தேதிவாரியாக எழுதுங்கள். விடுதலைக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் ஹைட்டியை சான் டொமிங் என்றுதான் அழைத்தார்கள். ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதி அது. 1697இல் அவர்கள் கைக்கு முறைப்படி வந்தது.

இடப்பக்கத்தில் 1789 ஆகஸ்ட் 26: மனித உரிமைப் பிரகடனம். மனிதர்கள் சுதந்திரமாகவும் சம உரிமையோடும் பிறக்கிறார்கள் என்று முதல் பிரிவே சொல்கிறது. அதை வெளியிட்ட அதே சபை 1790 மார்ச்சில், நாட்டுக்கான அரசியல் சட்டம் காலனிகளுக்குப் பொருந்தாது என்று முடிவெடுக்கிறது. 1791 மே 13 அன்று, காலனிச் சபைகளே முன்வந்து கேட்டாலொழிய அடிமைகளின் நிலை பற்றிச் சட்டம் எதுவும் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுக்கிறது. இரண்டு நாள் கழித்து, தாயும் தந்தையும் சுதந்திரமானவர்களாக இருந்த கறுப்பருக்கும் கலப்பினத்தாருக்கும் மட்டும் வாக்குரிமை தருகிறது. அதையும் செப்டம்பரில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

வலப்பக்கத்தில் 1791 ஆகஸ்ட் 22 இரவு. லெ காப் நகரை ஒட்டிய வட சமவெளியில் அடிமைகள் எழுகிறார்கள். சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சாம்பல். 1793இல் ஸ்பெயினும் பிரிட்டனும் பிரான்ஸோடு போருக்கு வருகின்றன. கலகக்காரர்களின் பெரும்படை ஸ்பெயினோடு சேர்ந்துகொள்கிறது. பிரெஞ்சுக் குடியரசின் ஆணையராக வந்திருந்த சோந்தனாக்ஸுக்கு வெள்ளைத் தோட்டக்காரர்களும் எதிரி. ஜூனில் லெ காப் நகரமே பற்றி எரிகிறது. தீவைக் காப்பாற்றிக்கொள்ள அவர் கையில் வேறு வழி இல்லாத நிலையில், 1793 ஆகஸ்ட் 29 அன்று வட மாகாணத்தில் அடிமை முறை ஒழிந்தது என்று அறிவிக்கிறார். பாரிஸிலிருந்து அப்படி ஓர் உத்தரவு அவருக்கு வரவே இல்லை. தீவிலிருந்து மூன்று பிரதிநிதிகள் கப்பலேறிப் போகிறார்கள். அதில் ஒருவர் ழான் பாப்திஸ்த் பெல்லே, அடிமையாக இருந்து காசு சேர்த்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டவர். 1794 பிப்ரவரி 3 அன்று சபையில் அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. மறுநாள், பிப்ரவரி 4 அன்று, பிரெஞ்சுக் காலனிகள் அனைத்திலும் அடிமை முறை ஒழிக்கப்பட்டதாகச் சபை தீர்மானம் போடுகிறது.

இப்போது அந்தத் தாளைப் பாருங்கள். பிரகடனத்துக்கும் இந்தத் தீர்மானத்துக்கும் நடுவில் நாலரை ஆண்டு. அந்த நாலரை ஆண்டும் பாரிஸ் செய்ய மறுத்ததைத் தீவில் செய்து முடித்துவிட்டார்கள், பாரிஸ் அதற்குக் கையெழுத்துப் போட்டது. உங்கள் பாடப் புத்தகத்தின் அந்த ஒரு பத்தி இதைத் தலைகீழாகச் சொல்கிறது. பாரிஸில் நடந்த எதுவும் தீவைத் தொடவில்லை என்று சொல்ல வரவில்லை. மன்னரின் அதிகாரம் ஆட்டம் கண்டதும், வெள்ளையருக்குள்ளேயே சண்டை மூண்டதும், கலப்பினத்தவரான ஓழே 1790இல் உரிமை கேட்டு ஆயுதம் தூக்கி, 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டிக் கொல்லப்பட்டதும் கலகத்துக்கு வழி திறந்துவிட்டன. அந்த வழியில் எங்கே போவது என்பதை மட்டும் அந்தத் தோட்டங்களின் மக்களே முடிவு செய்தார்கள்.

யார் அந்த மக்கள்? 1789இல் சான் டொமிங்கில் ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள். வெள்ளையர் 30,000 சொச்சம். சுதந்திரம் பெற்ற கறுப்பரும் கலப்பினத்தாரும் கிட்டத்தட்ட அதே அளவு. ஐரோப்பா சாப்பிட்ட சர்க்கரையில் ஏறக்குறைய 40 சதவீதம், காபியில் பாதிக்கு மேல் இந்தச் சின்னப் பகுதியிலிருந்து போனது. நம் ஊர் ஆலைக்காட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இருந்தது இரவு பகலாக ஓடிய தொழிற்சாலை. வெட்டிய கரும்பு ஒரு நாள் கிடந்தாலே சாறு கெடும் என்பதால், வெட்டு, ஆலை, காய்ச்சும் கொப்பரை மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரவு முறையில் தூக்கக் கலக்கத்தோடு உருளைகளுக்கு நடுவே கரும்பைக் கொடுப்பவரின் விரல் சிக்கினால் கையே உள்ளே போகும். உடனே கையை வெட்டிவிட ஒரு கோடரியைப் பக்கத்திலேயே வைத்திருப்பது கரீபியன் ஆலைகளில் வழக்கமாக இருந்தது. பிறப்பைவிட இறப்பு அதிகம். அந்தக் குறையை நிரப்ப 1780களின் கடைசியில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆகவே 1791இல் அங்கிருந்த அடிமைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். தங்கள் ஊரில் சுதந்திரமாக வாழ்ந்த நினைவு கலையாதவர்கள்.

இதில் காங்கோ பகுதியிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அங்கே அப்போது அரியணைக்காக உள்நாட்டுப் போர்கள் நடந்துகொண்டிருந்தன, தோற்ற படையின் வீரர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். வட சமவெளியில் கலகக்காரர்கள் சிறு குழுக்களாகப் பாய்ந்து, சுட்டு, மறைந்து போரிட்ட விதம் பிரெஞ்சுத் தளபதிகளைத் திகைக்க வைத்தது. பலருக்கு அது ஏற்கெனவே தெரிந்த போர்முறை. அரசியலும் அப்படித்தான். மக்காயா என்ற தலைவரைக் குடியரசின் பக்கம் வரச் சொல்லி 1793இல் அழைத்தபோது, தனக்கு மூன்று அரசர்கள் என்றார்: எல்லாக் கறுப்பருக்கும் தலைவரான காங்கோ அரசர், தந்தை இடத்தில் பிரான்ஸ் அரசர், தாய் இடத்தில் ஸ்பெயின் அரசர். இதைப் படித்துவிட்டு, பாவம், விவரம் தெரியாதவர் என்று தாண்டிப்போன வரலாற்றாசிரியர்கள் உண்டு. நல்ல அரசர் எப்படி இருக்க வேண்டும், கெட்ட அரசரை என்ன செய்யலாம் என்று காங்கோவில் தலைமுறைகளாக நடந்த வாதம் ஒன்று இருந்தது. மக்காயா அங்கிருந்து பேசுகிறார். பாரிஸின் துண்டுப் பிரசுரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் சொல்வது காதில் விழாது.

ஐரோப்பியர் காதில் விழாமல் போனதைப் பற்றி ஹைட்டிக்காரரான மிஷேல் ரோல்ஃப் த்ரூயோ 1995இல் எழுதினார். அந்தப் புரட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அதை நம்ப முடியாதவர்களாக அவர்கள் இருந்தார்கள் என்பது அவர் வாதம். 1790இல் தீவிலிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் பிரான்ஸிலிருக்கும் மனைவிக்கு எழுதிய கடிதத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். நம் கறுப்பர்களிடம் எந்த அசைவும் இல்லை, சாதுவாக இருக்கிறார்கள், அவர்கள் கலகம் செய்வது நடக்கவே நடக்காது என்கிறது கடிதம். அடுத்த ஆண்டு அந்தச் சமவெளியே எரிந்தது. அப்போதும் அவர்களைத் தூண்டிவிட்டது யார், அரச விசுவாசிகளா, ஆங்கிலேயரா, பாரிஸின் அடிமை ஒழிப்புச் சங்கத்தாரா என்றுதான் தேடினார்கள். எரித்தவர்களே திட்டமிட்டிருக்கலாம் என்று தோன்றவில்லை. கலகத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஆகஸ்ட் 14 அன்று, பல தோட்டங்களின் கங்காணிகளும் வண்டியோட்டிகளும் ஒரு தோட்டத்தில் கூடித் திட்டம் போட்டிருந்தார்கள். வேலை வாங்குவதற்காக முதலாளி நம்பி வைத்த ஆட்கள் இவர்கள். அடுத்த தோட்டத்துக்குப் போய்வரச் சீட்டு கிடைத்ததும் இவர்களுக்குத்தான்.

இதிலிருந்து உங்கள் மூன்றாவது கேள்விக்கு வந்துவிடலாம். முதலாளி எழுதியதை வைத்து அடிமையை எப்படிப் படிப்பது? சான் டொமிங்கில் 1766 முதல் ஒரு செய்தித்தாள் வந்தது. அதில் வாராவாரம் தப்பியோடியவர்களைப் பற்றிய விளம்பரங்கள் உண்டு. ஆயிரக்கணக்கில் இன்று இணையத்தில் தேடிப் படிக்கக் கிடைக்கின்றன. ஆளைப் பிடிக்க வேண்டுமானால் அடையாளம் சொல்லித்தானே ஆக வேண்டும்? பெயர், வயது, உயரம், எந்த இனம், மார்பிலோ தோளிலோ எந்த முதலாளியின் எழுத்துகளால் சூடு போடப்பட்டிருக்கிறது, என்ன தொழில் தெரியும், எந்த மொழி பேசுவார், எந்த ஊரில் யாரிடம் ஒளிந்திருக்கக்கூடும் என்று எல்லாம் எழுதுகிறார்கள். பிடிப்பதற்காக எழுதிய வரிகள். ஆனால் ஒரு பெண் தன் கணவர் இருக்கும் தோட்டத்தை நோக்கி ஓடினார் என்பதும், ஒரே கப்பலில் வந்த நாலு பேர் சேர்ந்தே ஓடினார்கள் என்பதும் அந்த வரிகளில்தான் இருக்கின்றன. நூறு விளம்பரங்களை வரிசையாகப் படியுங்கள். யாரை நம்பி ஓடினார்கள், எந்த மாதம் ஓடினார்கள், எங்கே போய் வாழ முடிந்தது என்று மெல்ல மெல்லத் தெரியவரும்.

எச்சரிக்கை ஒன்று. எதிரியின் எழுத்து எதிரியின் எழுத்துதான். புவா கைமான் காட்டில் இரவில் நடந்த சடங்கைப் பற்றி எல்லாப் புத்தகங்களிலும் வரும். பன்றியைப் பலியிட்டு இரத்த சத்தியம் செய்த காட்சி. அதை முதலில் எழுதிய தால்மா காலனி மருத்துவர், கலகத்தை வெறுத்தவர். அவர் புத்தகம் 1814இல்தான் அச்சானது. சடங்கே நடக்கவில்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். ஏதோ ஒன்று நடந்தது என்று பெரும்பாலோர் ஒப்புகிறார்கள். ஹைட்டி மக்கள் தங்கள் நினைவில் அதைக் காத்து வருகிறார்கள். இந்த மூன்றையும் அருகருகே வைத்து எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடித்துச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் இனிமேல் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹைட்டியின் விடுதலைப் பிரகடனம் 1804 ஜனவரி 1 அன்று கொனாயீவ் நகரில் வெளியானது. அரசு அச்சிட்ட அதன் பிரதி ஒன்றுகூடக் கிடைக்காமலேயே இருந்தது. 2010இல் முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர் லண்டன் ஆவணக் காப்பகத்தில் ஜமைக்கா ஆளுநரின் கடிதக் கட்டுகளுக்குள் அதைக் கண்டெடுத்தார்.

கரீபியனைத் தனியாகப் படிக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் கடல். 1795ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் கிரெனடாவில் ஃபெதோன் தலைமையில் எழுச்சி. மே மாதம் வெனிசுவேலாவின் கோரோவில். அதே ஆண்டு ஜமைக்காவில், தோட்டங்களிலிருந்து தப்பி மலைகளில் வாழ்ந்த மரூன்களின் போர், செயின்ட் வின்சென்ட்டில் கரிப் மக்களின் போர். ஆகஸ்டில் டச்சுக்காரர்களின் குராசோ தீவில் துலா என்ற அடிமை ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி எழுகிறார். அவர் வாதம் தெளிவானது: பிரெஞ்சுக் கறுப்பர்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, ஹாலந்தை இப்போது பிரான்ஸ் பிடித்துவிட்டது, ஆகவே நாங்களும் சுதந்திரமானவர்கள். ஐரோப்பியச் செய்தியை வைத்து ஒரு சட்ட வாதமே செய்கிறார்! எப்படித் தெரிந்தது? மாலுமிகள், துறைமுகச் சந்தையில் காய்கறி விற்ற பெண்கள், தப்பி வேறு தீவுக்குப் போனவர்கள் என்று வாய்வழியாகவே செய்தி பரவியது. ஜூலியஸ் ஸ்காட் 1986இல் இதை ஆய்வேடாக எழுதினார். அச்சில் வர 2018 ஆனது. அதுவரை ஆய்வாளர்கள் பிரதியெடுத்துக் கைமாற்றிப் படித்தார்கள்.

1816இல் பார்பேடோஸ் எழுச்சியிலும் சான் டொமிங்கின் பெயர் வருகிறது. விடுதலை வேண்டுமானால் அங்கே செய்தது போலச் சண்டை போட்டால்தான் கிடைக்கும் என்று நானி கிரிக் என்ற அடிமைப் பெண் பேசியதாக விசாரணையில் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு, தென்னமெரிக்க விடுதலைப் போரில் தோற்று ஓடிவந்த பொலிவாருக்கு ஹைட்டியின் அதிபர் பெத்யோன் ஆயுதம் கொடுத்து அனுப்புகிறார். கேட்ட கைம்மாறு ஒன்றுதான்: விடுவிக்கும் மண்ணில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து அமெரிக்கக் குடியரசுகளெல்லாம் பனாமாவில் மாநாடு கூடியபோது ஹைட்டிக்கு அழைப்பே இல்லை. படிக்கும்போது மனசு கொதிக்கும்.

மறுபக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். சான் டொமிங்கின் சர்க்கரை நின்றதும் அந்தச் சந்தையைப் பிடிக்க கியூபா பாய்ந்தது. லட்சக்கணக்கான அடிமைகள் அங்கே இறக்கப்பட்டார்கள், 1886 வரை அடிமை முறை நீடித்தது. தீவு கைநழுவிக்கொண்டிருந்தபோதே நெப்போலியன் 1803இல் லூயிசியானாவை அமெரிக்காவுக்கு விற்றார், அங்கும் கரும்பும் பருத்தியும் அடிமைகளும் பெருகின. ஒரு தீவின் விடுதலை பக்கத்துத் தீவின் சங்கிலியை இறுக்கியது. இதைச் சொல்லாமல் எழுதினால் ஆய்வேடு வெறும் புகழுரையாகிவிடும்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். ஹைட்டிப் புரட்சியை தூசான் லூவெர்த்யூரின் வாழ்க்கை வரலாறாகப் படிக்காதீர்கள். அவர் பெரிய மனிதர், அதில் சந்தேகமில்லை. அடிமையாகப் பிறந்தவர். ஸ்பானியரை, ஆங்கிலேயரை, உள்நாட்டு எதிரிகளை வென்று 1801இல் தீவு முழுவதற்கும் அரசியல் சட்டம் எழுதினார், அடிமை முறை என்றென்றைக்கும் ஒழிந்தது என்று அதில் பொறித்தார். ஆனால் விடுதலை என்றால் என்ன என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த பதில் வேறு, தோட்டத்து மக்களிடம் இருந்த பதில் வேறு.

1791 கலகத்தின்போதே மக்கள் நடுவில் ஒரு பேச்சு ஓடியது: வாரத்தில் மூன்று நாள் நமக்கு விட்டுவிட வேண்டும் என்று மன்னர் உத்தரவு போட்டுவிட்டார், இங்குள்ள முதலாளிகள் அதை மறைக்கிறார்கள். அப்படி ஓர் உத்தரவு இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் எதற்கு என்று யோசியுங்கள். அடிமைகளுக்குத் தோட்டத்து ஓரத்தில் சின்னக் கொல்லை இருந்தது. மரவள்ளி, வாழை, வள்ளிக்கிழங்கு போட்டுக்கொள்வார்கள், மிஞ்சியதைச் சந்தையில் விற்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த, ருசி கண்ட சுதந்திரம் அந்தக் கொல்லைதான். அந்த ஆண்டின் கடைசியில் கலகத் தலைவர்கள் சிலர், தங்களைச் சேர்ந்த சில நூறு பேருக்கு விடுதலை கொடுத்தால் மற்றவர்களைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்று பேரம் பேசினார்கள். தோட்டக்காரர்கள் திமிராக மறுத்ததால் பேரம் முறிந்தது.

அடிமை முறை ஒழிந்த பிறகும் இதே இழுபறி. 1794 பிப்ரவரியில் இன்னொரு ஆணையரான பொல்வெரெல் வேலை விதிகள் போட்டார். விளைச்சலில் தொழிலாளருக்குப் பங்கு உண்டு, ஆனால் வாரம் ஆறு நாள் வேலை. ஐந்து நாள்தான் வருவோம் என்றால் பங்கு பாதியாகும். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த பங்கு. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பல தோட்டங்களில் சனிக்கிழமையன்று வேலைக்கு வரவில்லை, கொல்லைக்குப் போனார்கள். பெண்கள் சமபங்கு கேட்டு முரண்டு பிடித்தார்கள். இரவில் ஆலை ஓட்ட முடியாது என்றார்கள். பாரிஸின் எந்தச் சபையிலும் 1794இல் சம வேலைக்குச் சம பங்கு என்ற பேச்சு எழவில்லை. கரும்புக்காட்டுப் பெண்கள் எழுப்பினார்கள்.

தூசான் வந்தபோது நிலைமை இன்னும் இறுகியது. ஆயுதம் வாங்கக் காசு வேண்டும், காசுக்குச் சர்க்கரையும் காபியும் வேண்டும், அதற்குத் தோட்டம் உடையாமல் இருக்க வேண்டும். இது அவர் கணக்கு. 1800 அக்டோபரில் தோட்டத் தொழிலாளரைப் படை ஒழுங்கின் கீழ் கொண்டுவந்தார். சிறு துண்டு நிலங்களை விற்பதைத் தடுத்தார். அவருடைய அரசியல் சட்டமே தோட்ட வேலைக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவது பற்றிப் பேசுகிறது. 1801 அக்டோபரில் வடக்கே தொழிலாளர் எழுந்தபோது, அவர்களோடு சேர்ந்தார் என்று தன் மருமகன் முறையான தளபதி மொய்ஸையே சுட்டுக்கொல்ல வைத்தார். அடுத்த சில மாதங்களில் நெப்போலியனின் படை வந்து இறங்கியது. தூசானுக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போட வேண்டிய மக்களில் பலர் ஒதுங்கி நின்றதற்கு இதுவும் காரணம் என்று வரலாற்றாசிரியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1938லேயே எழுதினார். சரியாகத்தான் எழுதினார்.

1802ஐ மிகக் கவனமாகப் படியுங்கள். வசந்த காலத்துக்குள் தூசானும் அவருடைய தளபதிகளான கிறிஸ்தோஃப், தெசலின் எல்லோருமே நெப்போலியன் படையின் தலைவர் லெக்ளேரிடம் பணிந்துவிட்டார்கள். தூசானை ஜூனில் பிடித்துக் கப்பலேற்றினார்கள், மறு ஆண்டு ஏப்ரலில் பிரான்ஸின் குளிர்ந்த மலைக்கோட்டைச் சிறையில் இறந்தார். தளபதிகள் பிரெஞ்சுச் சீருடையில் இருந்த அந்த மாதங்களில் போரை நிறுத்தாமல் நடத்தியவர்கள் மலைகளில் இருந்த சிறு குழுக்கள். தலைவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். குவாதலூப் தீவில் அடிமை முறை திரும்ப வருகிறது என்ற செய்தி எட்டியபோது நாடே திரண்டது, தளபதிகளும் அக்டோபரில் திரும்பி வந்தார்கள். மலையில் இருக்கும் கறுப்பர் ஆண் பெண் அனைவரையும் கொன்று, பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்று லெக்ளேர் அந்த மாதம் எழுதினார். அடுத்த மாதமே மஞ்சள் காய்ச்சலில் செத்தார். வெற்றி கிட்டும் தறுவாயில், பணியவே பணியாத மலைத் தலைவர்களில் ஒருவரான சான் சூசியைக் கிறிஸ்தோஃப் பேச வரச் சொல்லிக் கொன்றார். பிரெஞ்சுப் படை கடைசியாகத் தோற்ற 1803 நவம்பர் 18 வெர்தியேர் போரைக் கொண்டாடும் புத்தகங்களில் அந்தப் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி, படுகொலையும் வறுமையும். 1804 தொடக்கத்தில் தெசலின் உத்தரவில் தீவிலிருந்த பிரெஞ்சு வெள்ளையரில் சில ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். ஆயுதமில்லாதவர்கள், பெண்கள், குழந்தைகள். அதற்கு முந்தைய ஆண்டு, லெக்ளேருக்குப் பின் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை ஏற்ற ரோஷாம்போ கியூபாவிலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்ததும், கறுப்பர்களைக் கடலில் மூழ்கடித்ததும் நடந்தன என்பதைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அந்தக் கொலைகளுக்கு நியாயம் கிடையாது. இரண்டையும் எழுதுங்கள். கூடவே, அதே தெசலின் ஆட்சியின் 1805 அரசியல் சட்டம் எல்லா ஹைட்டியரும் இனி கறுப்பர் என்றே அறியப்படுவர் என்றதையும், பிரெஞ்சுப் படையிலிருந்து விலகிய போலந்து வீரர்கள் அதன்படி 'கறுப்பர்'களாகக் குடியுரிமை பெற்றதையும் எழுதுங்கள்.

வறுமைக்கு வருவோம். 1825இல் பிரான்ஸ் 14 போர்க்கப்பல்களை நிறுத்தி, இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. அப்போதுதான் அங்கீகாரம். முதல் தவணை 3 கோடிக்கே பாரிஸில் கடன் வாங்க வேண்டியிருந்தது, அதில் 60 லட்சத்தை வங்கிக்காரர்கள் கழித்துக்கொண்டார்கள். 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அந்தக் கடன்களின் கடைசிச் சுமை 1947இல்தான் தீர்ந்தது. அமெரிக்கா 1862 வரை ஹைட்டியை ஒரு நாடாக அங்கீகரிக்கவே இல்லை. உள்நாட்டு ஆட்சியாளர்களின் பேராசையும் படைத்தளபதிகளின் சண்டையும் தங்கள் பங்கைச் செய்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தன் உடலுக்கான விலையைத் தானே தவணையில் கட்டிய ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்த்து, உங்கள் புரட்சி தோற்றுவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1817இல் ஜமைக்காவிலிருந்து சில அடிமை மாலுமிகள் கப்பலோடு ஹைட்டிக்கு ஓடிவந்தார்கள். உரிமையாளர் துரத்தி வந்து கேட்டார். இந்த மண்ணை மிதித்தவர்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் என்று பெத்யோன் ஆட்களைத் தர மறுத்துவிட்டார். அந்தக் காலத்து உலகில் வேறு எந்த அரசின் சட்டமும் இவ்வளவு தூரம் போகவில்லை என்பது என் கருத்து.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது: தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் ஏன் இதைப் படிக்க வேண்டும்? உண்மையான தொடர்புகள் இருக்கின்றன. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி பிரெஞ்சுக் கப்பல்களில் செனகல் கரைக்குப் போய் அங்கே ஆள் வாங்கும் சரக்குகளில் ஒன்றாக இருந்தது. அப்புறம் குவாதலூப், மார்த்தினிக் தீவுகள். குவாதலூப்பில் 1802இல் படை கொண்டு அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடங்க மறுத்த தெல்கிரெஸும் கூட்டாளிகளும் மத்தூபாவில் வெடிமருந்துக்குத் தீ வைத்து மடிந்தார்கள். மார்த்தினிக்கிலோ 1794 விடுதலை அமலாகவே இல்லை, ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டிலும் 1848இல்தான் விடுதலை. வந்ததும் மக்கள் தோட்டத்தை விட்டுச் சொந்தக் கொல்லை தேடிப் போனார்கள். சனிக்கிழமை கொல்லைக்குப் போன அதே ஆசை. காலியான இடத்துக்கு ஆள் தேடிய தோட்டக்காரர்கள் 1850களில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல், பெரும்பாலும் தமிழர்கள். இன்றும் அங்கே மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஹைட்டியில் அப்படி ஒரு தமிழ்க் குடியிருப்பு இல்லை. அங்கே நிலம் உழுதவர் கைக்குப் போய்விட்டது, கூலிக்கப்பலை வரவழைக்கப் பெருந்தோட்டக்காரர் என்று ஒரு வர்க்கம் மிஞ்சவில்லை.

இதையே உங்கள் தலைப்பாக யோசித்துப் பாருங்கள்: 1802இல் சான் டொமிங், குவாதலூப் இரண்டுக்கும் படை போனது. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. அதன் பிறகான ஐம்பது ஆண்டில் நிலமும் உழைப்பும் இரண்டிலும் எப்படிப் பிரிந்து போயின? முதுகலை ஆய்வேட்டுக்கு இது கொஞ்சம் பெரிது. வேலை விதிகளை மட்டும், அதாவது பொல்வெரெலின் 1794 விதிகளையும் தூசானின் 1800 விதிகளையும் மட்டும் எடுத்து ஒப்பிட்டாலும் போதும். பிரெஞ்சு கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். சட்ட விதிகளின் பிரெஞ்சு எளிது, ஒரே மாதிரி வாக்கியங்கள், அகராதி வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் படிக்க முடியும். வழிகாட்டி மறுத்தால் அந்த இரண்டு பக்கத் தேதித் தாளை அவர் முன்னால் வையுங்கள். முதல் அத்தியாயம் எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.

அன்புடன்.